கடைமடைக்கு வராத நீர்: பெங்களூருவின் டென்னிஸும் புரவலர் பணமும்

பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் என் தாய்மாமன் பதாகை அச்சகம் நடத்திவந்தார். அச்சகத்து மொட்டை மாடியில் நீல நிற ஃபிளெக்ஸ் சுருள் ஒன்று பல ஆண்டுகள் கிடந்தது. மழைக்காலத்தில் பழைய இயந்திரத்துக்கு மேல் போர்த்துவதற்கு அதை வெட்டி வெட்டி எடுத்துக்கொள்வார்கள். அதில் ஓர் எழுத்தும் அச்சாகவில்லை. 2008 மார்ச்சில் கப்பன் பூங்கா டென்னிஸ் அரங்கில் நடந்த மகளிர் பந்தயத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் சிலவற்றை மாமா அடித்துக் கொடுத்தார். துணைக் குத்தகைக்கும் துணையான ஒரு சிறு வேலை அது. அடுத்த ஆண்டும் வேலை உங்களுக்கே என்று இடைத்தரகர் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, விலை ஏறுவதற்குள் வாங்கி வைத்துவிட்ட சுருள் அது. அடுத்த ஆண்டு பந்தயம் நடக்கவில்லை. இடைத்தரகர் தொலைபேசியை எடுக்கவுமில்லை.

வணிக வரலாறு என் ஆய்வுத்துறை. ஆயினும் அந்தச் சுருளுக்கும் என் துறைக்கும் தொடர்பிருப்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. "பொருளாதார மந்தம் வந்தது, நிறுவனங்கள் கையை இறுக்கின, பந்தயம் நின்றது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இந்தியாவில் டென்னிஸ் பந்தயங்கள் தோன்றிய ஆண்டுகளையும் மறைந்த ஆண்டுகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது அந்த விளக்கம் பாதிக்கு மேல் தாங்கவில்லை. மீதிப் பாதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த 2008 பந்தயம். கனரா வங்கியின் பெயரைத் தாங்கி நடந்த பெங்களூரு ஓபன் அது. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் இரண்டாம் நிலைப் பந்தயம், பரிசுத்தொகை 6,00,000 டாலர். வீனஸ் வில்லியம்சும் செரீனா வில்லியம்சும் ஒரே அரையிறுதியில் இந்த ஊரில் மோதினார்கள் என்பதை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். மூன்றாம் செட் டைபிரேக்கர் வரை சென்ற ஆட்டம் அது. தோல்விக்கு ஒரே ஒரு புள்ளி இருந்த நிலையிலிருந்து மீண்டு செரீனா வென்றார். இறுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்தின் பாட்டி ஷ்னைடரை வீழ்த்திக் கோப்பையை எடுத்துச் சென்றார். பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடத்தில் போய்ச் சேரும் இடத்தில் உலகின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் ஆடினார். அந்தத் தரத்தில் அப்பந்தயம் நடந்ததும் அதுவே கடைசி.

அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. நவம்பர் 26 அன்று மும்பை தாக்கப்பட்டது. இதற்கிடையில் நம் ஊரின் இன்னொரு கனவும் கலைந்திருந்தது. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் மும்பையில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பெயரில் நடந்த ஆடவர் ஏடிபி பந்தயம், 2008இல் பெங்களூருவுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஜூலை 25 அன்று நகரில் தொடர் குண்டுகள் வெடித்தன. பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்தப் பந்தயம் ரத்தானது. ஒரே ஆண்டில் நேர்ந்த இழப்புகளை மொத்தமாக மந்தத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். குண்டுவெடிப்பு ஒரு காரணம், மந்தம் ஒரு காரணம், மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ரூபாய்க் கணக்கொன்றைப் பார்க்க வேண்டும்.

டென்னிஸ் பந்தயத்தின் செலவு டாலரில், வரவு ரூபாயில். பரிசுத்தொகை, உலகச் சங்கத்துக்குச் செலுத்தும் கட்டணம், பெரிய ஆட்டக்காரர்களை வரவழைக்கத் தரும் தனித்தொகை எல்லாமே டாலர். 2008 தொடக்கத்தில் ஒரு டாலரின் விலை சுமார் 40 ரூபாய். ஆண்டு முடியும்போது அது 50 ரூபாயை ஒட்டி நின்றது. முன்னதில் 6,00,000 டாலர் என்பது 2 கோடியே 40 லட்சம் ரூபாய்; பின்னதில் 3 கோடி. எந்த ஆட்டக்காரரும் ஒரு செண்ட் கூடக் கேட்காமலேயே, அரங்கில் ஒரு நாற்காலி கூடக் கூடாமலேயே, ஏற்பாட்டாளரின் சுமை நான்கில் ஒரு பங்கு ஏறிவிட்டது. மந்தம் வரும்போதெல்லாம் ரூபாய் சரிகிறது. அதாவது, புரவலரின் கை இறுகும் அதே வேளையில் அவரிடம் கேட்க வேண்டிய தொகையும் வீங்குகிறது. அமெரிக்காவிலோ பிரான்சிலோ பந்தயம் நடத்துபவருக்கு இந்த இரட்டை அடி இந்த வடிவில் விழுவதில்லை. விளையாட்டு வணிகம் பற்றிய மேலைநாட்டு நூல்களில் இதை நான் அதிகம் காணாததற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாவது காரணம் கப்பன் பூங்காவின் மறு ஓரத்தில் இருக்கிறது. மார்ச் மாதம் செரீனா கோப்பை வென்று ஆறு வாரம் கூட ஆகவில்லை. 2008 ஏப்ரல் 18 அன்று சின்னசாமி அரங்கில் ஐபிஎல் கிரிக்கெட்டின் முதல் ஆட்டம் நடந்தது. டென்னிஸ் அரங்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவு. பெங்களூரு அணியை 111.6 மில்லியன் டாலருக்கு வாங்கியது கிங்ஃபிஷரின் தாய்நிறுவனமான யுபி குழுமம். தொடரின் பெயருக்கு முன்னால் தன் பெயரை வைத்துக்கொள்ள டிஎல்எஃப் கட்டட நிறுவனம் ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, அதாவது மந்தத்தின் நடுவே, தேர்தலைக் காரணமாகக் கொண்டு ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்கே இடம்பெயர்ந்து நடந்தது. ஆனாலும் பணம் குறைந்து நிற்கவில்லை. ஆகவே பணமே இல்லை என்ற பேச்சு எடுபடாது. பணம் இருந்தது. போகுமிடம் மாறியது.

உலக டென்னிஸிலும் அதே ஆண்டுகள் இதையே காட்டுகின்றன. வங்கிகளே நொறுங்கிய 2009ஆம் ஆண்டில்தான், லண்டனில் நடக்கத் தொடங்கிய ஏடிபி ஆண்டிறுதிப் பந்தயத்தின் தலைமை விளம்பரதாரராக பார்க்ளேஸ் வங்கி வந்தது. கலிஃபோர்னியாவின் இந்தியன் வெல்ஸ் பந்தயத்தை பசிபிக் லைஃப் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பிஎன்பி பரிபா வங்கி எடுத்துக்கொண்டதும் அதே 2009இல். மந்தக் காலத்தில் நிறுவனம் தன் விளம்பரச் செலவை நிறுத்துவதில்லை. ஐந்து இடத்தில் தூவியதை ஓர் இடத்தில் குவிக்கிறது. பெரியதைக் கைவிட்டால் தானே தள்ளாடுவதாக ஊர் பேசும் என்ற அச்சம் அதற்கு உண்டு. சிறியதைக் கைவிட்டால் யாரும் பேசமாட்டார்கள்.

காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அணையில் நீர் குறைந்தால் எல்லா வயலும் சமமாகக் காய்வதில்லை. தலைமடைக்காரன் தன் பாத்தியை நிரப்பிக்கொள்கிறான், கடைமடைக்காரன் வானத்தைப் பார்க்கிறான். (பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு காவிரியை உவமைக்கு இழுப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். இரு கரை நண்பர்களும் பொறுத்தருள்க.) இந்திய டென்னிஸ் உலக விளையாட்டு வணிகத்தின் கடைமடை. அங்கே அணை வற்றிய ஆண்டுகளில் மட்டுமல்லாமல், மேலே ஒருவன் மடையை மாற்றிய ஆண்டுகளிலும் வயல் காய்ந்திருக்கிறது.

இதைக் காட்டச் சற்றுப் பின்னோக்கிச் செல்கிறேன். தொழில்முறை டென்னிஸின் புரவலர் வரலாறே விலக்கப்பட்ட சரக்கு ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. 1970 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில், பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பெண்கள் கிளாடிஸ் ஹெல்ட்மன் நீட்டிய ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் பந்தயம் ஆடினார்கள். அதற்குப் பணம் தந்தது விர்ஜினியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி 2 முதல் சட்டப்படி நின்றது. வாசல் அடைபட்ட பணம் சன்னல் தேடியபோது டென்னிஸ் அரங்கு கிடைத்தது. அந்தப் பணத்தால் பெண்கள் டென்னிஸ் நிமிர்ந்தது என்பதும் உண்மை, அது சிகரெட் விற்ற பணம் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்து எழுதும் வரலாறுகள் எனக்கு உவப்பானவையல்ல.

இந்தியாவிலும் அதே கதை கால் நூற்றாண்டு தாமதமாக நடந்தது. 1996இல் புது டெல்லியில் நடந்த ஏடிபி பந்தயம் 1997இல் சென்னை நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. பெயர் கோல்டு ஃப்ளேக் ஓபன். 1998இல் பாட்ரிக் ராஃப்டர் வென்றார். அந்த 1997-98 ஆண்டுகளில்தான் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி ஆசியாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னைப் பந்தயம் அசையவில்லை. சிகரெட் விற்பனைக்கு மந்தம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் 2001 பிப்ரவரியில் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்யும் சட்டம் வரவிருப்பதாக மத்திய அரசு அறிவித்ததும், இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து வில்ஸ் பெயர் இறங்கியது. சென்னையிலும் கோல்டு ஃப்ளேக் பெயர் அந்த ஆண்டோடு முடிந்தது. சட்டம் 2003இல் நிறைவேறியது. 2002 முதல் 2004 வரை அது டாட்டா ஓபன். இதிலொரு வேடிக்கையும் உண்டு. கோல்டு ஃப்ளேக்கின் உரிமையாளரான அதே ஐடிசி, 2003இல் சன்ஃபீஸ்ட் பிஸ்கட்டை அறிமுகப்படுத்தி, 2005இல் கொல்கத்தாவில் சன்ஃபீஸ்ட் ஓபன் என்ற மகளிர் பந்தயத்தோடு திரும்பிவந்தது. புகைத்துக்கொண்டு போனவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். 2006இல் மார்ட்டினா ஹிங்கிஸ் அதை வென்றார். மூன்று ஆண்டுகளோடு அதுவும் முடிந்தது.

உலக அரங்கில் அதே காலத்தில் நடந்த ஒரு வீழ்ச்சியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1999இல் ஐஎஸ்எல் என்ற சுவிஸ் விளம்பர நிறுவனம், ஏடிபியின் உயர்தரப் பந்தயங்களின் வணிக உரிமையைப் பத்தாண்டுக்கு 120 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2001இல் அந்நிறுவனம் திவாலானது. இணைய நிறுவனங்களின் பங்குக் குமிழி வெடித்து விளம்பரச் சந்தை சுருங்கிய நேரம் அது. ஆனால் வளர்ச்சி என்றென்றும் தொடரும் என்று எண்ணி விலை பேசியதே அடிப்படைப் பிழை. மந்தம் அந்தப் பிழையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே. என் மாமாவின் நீலச் சுருளுக்கும் 120 கோடி டாலருக்கும் இடையில் தொகையில்தான் வேறுபாடு.

டாட்டா விலகியபின் 2005 முதல் 2009 வரை சென்னைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் நிறுவனம் இல்லை. வெறும் சென்னை ஓபன். இந்திய வரலாற்றில் பொருளாதாரம் மிக விரைவாக வளர்ந்த ஆண்டுகளில் அவையும் அடங்கும் என்பதை நினைவில் கொள்க. வளர்ச்சி விகிதத்துக்கும் டென்னிஸ் பதாகைக்கும் நேர்த்தொடர்பு இருக்குமானால் இந்த ஐந்து ஆண்டுகளை எப்படி விளக்குவது? அந்த வெற்றிடத்தில் பந்தயத்தைத் தாங்கியவற்றுள் முக்கியமானது தமிழ்நாடு அரசின் ஆதரவு. ஆழிப்பேரலைக்குப் பத்து நாட்களுக்குள் தொடங்கிய 2005ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கார்லோஸ் மோயா வென்றார். பரிசுப் பணத்தைப் பேரலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அளித்தார். 2008இல் நடாலை யூஷ்னி 6-0, 6-1 என்று தோற்கடித்தார். புரவலர் இல்லாத காலத்தில்தான் அந்த அரங்கு இத்தனையும் கண்டது.

2009 ஜனவரியை மட்டும் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். லேமன் விழுந்து நான்கு மாதம், மும்பை தாக்கப்பட்டு ஆறு வாரம். ஜனவரி 7 அன்று ஐதராபாத்தில் சத்யம் நிறுவனத் தலைவர் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அதே வாரம் நுங்கம்பாக்கத்தில், தரவரிசையில் இருநூறுக்குப் பக்கத்தில் இருந்த சோம்தேவ் தேவ்வர்மன் என்ற இளைஞர், ஏற்பாட்டாளர்கள் தந்த வைல்டு கார்டில் நுழைந்து, இருமுறை சாம்பியனான மோயாவைத் தோற்கடித்தார். பின் உயரமான சர்வீஸ்காரர் கார்லோவிச்சையும் வென்று இறுதிச் சுற்றுவரை போய் மரின் சிலிச்சிடம் தோற்றார். வைல்டு கார்டு என்பது உள்ளூர்ப் பந்தயம் இருந்தால்தான் கிடைக்கும். வெளிநாட்டுப் பந்தயக்காரர் தம் நாட்டுப் பிள்ளைக்குத்தான் கொடுப்பார். 2005இல் ஐதராபாத்தில் சானியா மிர்சா தன் சொந்த ஊரில் வென்ற கோப்பைதான் இந்தியப் பெண்ணொருவர் வென்ற முதல் மகளிர் சங்க ஒற்றையர் பட்டம். அந்தப் பந்தயத்துக்குப் பெயர் தந்தது ஆந்திரப் பிரதேசச் சுற்றுலாத் துறை. அடுத்த ஆண்டு அது பெங்களூருவுக்கு வந்தது. 2008இல் செரீனா ஆடியதும் அதன் தொடர்ச்சிதான். அதாவது நம் கதை தொடங்கியதே ஓர் அரசுத் துறையின் பணத்தில், முடிந்தது ஓர் அரசு வங்கியின் பெயரில். நடுவே தனியார் வந்து போனார்கள்.

2010இல் சென்னைக்கு ஏர்செல் வந்தது. கைப்பேசி நிறுவனங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விளம்பரம் செய்த காலம் அது. ஏர்செல் சென்னை ஓபன் என்ற பெயர் 2017 வரை நீடித்தது. வாவ்ரிங்கா நான்கு முறை வென்றார். நாடு எந்தப் பெருமந்தத்திலும் இல்லாத 2016 செப்டம்பரில் ஜியோ இலவச அழைப்போடு சந்தையில் இறங்கியது. நாட்டின் மொத்த உற்பத்தி கூடிக்கொண்டுதான் இருந்தது. கைப்பேசித் தொழிலுக்குள் மட்டும் பஞ்சம் வந்தது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு ஏர்செல் இணைவதாக இருந்த திட்டம் 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு தாக்கல் செய்தது. அந்த வாரம் தமிழ்நாட்டில் சிக்னல் இல்லாமல், வங்கிக் குறுஞ்செய்தி வராமல், வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றக் கடை வாசலில் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். அதற்கு முன்பே, 2017இலேயே, பந்தயம் புனேவுக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டுவிட்டது. அங்கே டாட்டாவும் மகாராஷ்டிர அரசும் காத்திருந்தன.

அந்தக் குளிர்காலம் சென்னைக்குக் கொடியது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. டிசம்பர் 5 அன்று முதல்வர் மறைந்தார். 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது. ஜனவரி 2 அன்று பந்தயம் தொடங்கியது. அது நடந்ததே வியப்பு. பெங்களூருக்காரரான மகேஷ் பூபதி 2014இல் தொடங்கிய ஐபிடிஎல் என்ற அணித்தொடரின் ஐதராபாத் ஆட்டங்கள் அதே டிசம்பரில் நடக்கவிருந்தன. பெடரரும் செரீனாவும் வரமாட்டார்கள் என்று அவரே அறிவித்தார். நிலவும் பொருளாதாரச் சூழலையும் செலவு குறித்த நிச்சயமின்மையையும் காரணமாகச் சொன்னார். அதற்கடுத்த ஆண்டு அத்தொடரே இல்லை. மந்தம் நேரடியாக டென்னிஸைக் கொன்றதற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டு கேட்டால் இதை நான் தயக்கமின்றிக் காட்டுவேன். ஆனால் இது அரசாணையொன்றால் ஒரே இரவில் வந்த மந்தம்.

நிறுவனம் புரவலராவதற்கும் மன்னர் புரவலரானதற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. மன்னரின் கொடை அவர் வாழும்வரை. நிறுவனத்தின் கொடை ஒப்பந்தம் முடியும்வரை, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு. ஆகவே மந்தம் வந்த ஆண்டிலேயே விளைவு தெரிவதில்லை. கையெழுத்திட்ட தொகை வந்துகொண்டே இருக்கும், பதாகைகள் பளபளக்கும். புதுப்பிக்கும் நாள் வரும்போதுதான் கடிதத்துக்குப் பதில் வராது. அதற்குள் நாடு மந்தத்திலிருந்து மீண்டுகூட இருக்கும். உலக மகளிர் சங்கத்துக்கே இது நேர்ந்தது. 2005இல் சோனி எரிக்சன் ஆறாண்டுக்கு 88 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோடு வந்தது. 2008இன் நெருக்கடியைத் தாண்டி ஒப்பந்தம் ஓடியது. ஆனால் தொடுதிரைக் கைப்பேசிகள் அந்நிறுவனத்தின் சந்தையை அரித்துவிட்டிருந்தன. 2012இல் அந்தக் கூட்டு நிறுவனமே கலைந்து சோனிக்குள் கரைந்தது. வீழ்த்தியது மந்தமா, ஐபோனா என்று கேட்டால், தொழிலின் உள்பஞ்சம் என்பேன்.

புனேவின் கதையைச் சுருக்கிவிடலாம். 2021இல் கொரோனாவால் பந்தயம் நடக்கவில்லை. 2023இல் நடந்ததே கடைசி. 2024 ஜனவரியில் ஏடிபி நாட்காட்டியில், 2002க்குப் பின் முதன்முறையாக ஹாங்காங் இடம்பெற்றது. இருபத்தெட்டு ஆண்டுகள் ஏதோ ஓர் இந்திய நகரில் நின்ற தேர் கடல் கடந்துவிட்டது. பந்தயம் என்பது ஊருக்குச் சொந்தமான கோயில் அன்று. நாட்காட்டியின் ஒரு வாரத்துக்கான உரிமை. யாருடைய பணம் கனமோ அங்கே நகரும்.

மிச்சமிருப்பவை சேலஞ்சர் பந்தயங்கள். பெரிய பந்தயத்தின் குறைந்த நிலையில் வென்றால் 250 புள்ளி. பெங்களூரு ஓபன் போன்ற சேலஞ்சரில் 100 அல்லது சற்றே கூடுதல். 2017இல் அதை வென்றவர் சுமித் நாகல். அதே நாகல், நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்த 2023இல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருப்பதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் சென்னைச் சேலஞ்சரை வென்று உலகின் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். விமானச் சீட்டும் விடுதி வாடகையும் மிச்சமாகும் ஒரு வாரம் அவரைப் போன்றவருக்கு எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புரவலர் பணத்தைப் பற்றிய என் அக்கறையெல்லாம் இதுதான். செரீனா வேறு ஊரில் வெல்வார். 900 யூரோக்காரர் எங்கே போவார்?

இந்தச் சேலஞ்சரின் பெயருக்கு முன்னால் அண்மை ஆண்டுகளில் டஃபாநியூஸ் என்ற பெயர் வந்தது. செய்தித்தளம் என்ற அடையாளம். பெயரோ டஃபாபெட் என்ற பணம்கட்டும் தளத்தோடு ஒன்றுவது. இத்தகைய மறைமுக விளம்பரங்களுக்கு எதிராக மத்திய ஒலிபரப்பு அமைச்சகம் 2022இல் அறிவுறுத்தல் வெளியிட்டது. விர்ஜினியா ஸ்லிம்ஸ் நுழைந்த அதே சன்னல். கனரக நிறுவனங்கள் தலைமடைக்குப் போனபின், வேறெங்கும் விளம்பரம் செய்ய இயலாதவர்களே கடைமடைக்கு நீர் இறைக்கிறார்கள். ஏற்பாட்டாளர்களை இதற்காகக் குறைகூற எனக்கு மனமில்லை. யாரும் வராத வாசலில் யார் வந்தாலும் நாற்காலி போடத்தான் தோன்றும். சென்னையோ மறுபடியும் அரசை நாடியது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு நடந்த மகளிர் பந்தயத்தில் பதினேழு வயது லிண்டா ஃபிருவிர்தோவா வென்றார். பிறகு இடைவெளி. 2025இல் அது மீண்டும் நடந்தது.

சென்ற முறை கப்பன் பூங்காவில் சேலஞ்சர் நடந்தபோது மாமாவை அழைத்துச் சென்றேன். அச்சகத்தை மூடி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. இடைவேளையில் எழுந்துபோய் வேலியில் கட்டியிருந்த பதாகை ஒன்றின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ஓரம் மடிச்சு ஒட்டல, வளையம் மட்டும் அடிச்சிருக்கான். ஒரு வாரம் தாங்கும்," என்றார். பின்பு, "ஒரு வாரம்தானே," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.